வெள்ளிக்கிழமைச் செல்கள்

என் கையால் இல்லை. அப்பாடா, என் கையால் இல்லவே இல்லை.

சரிதா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இருட்டறையில் அவளும் நுண்ணோக்கியும்தான் இருந்தார்கள். சொன்னாலும் கேட்க ஆள் கிடையாது. ஆனாலும் இந்த மாதிரி நிம்மதியை உரக்கச் சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த தோசைக்கல்லின் கறுப்பு. எட்டு மாதமாகப் பார்த்துப் பழகிய பச்சை மினுக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கோ கண் நிறைந்துவிட்டது. முகக்கவசத்தை மேலே இழுத்து அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், முட்டை லாரிகள் ஓயாமல் போகும் இடத்தில் அந்தத் தனியார் கல்லூரி இருந்தது. அதன் ஆராய்ச்சி மையத்தில் மனிதத் தோலின் செல்களைத் தட்டுகளில் வளர்த்து, அவை சூட்டை எப்படித் தெரிந்துகொள்கின்றன என்று பார்ப்பது சரிதாவின் வேலை. செல்லின் மேற்பரப்பில் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. வெளியே சூடு ஏறினால் அது திறந்துகொள்ளும். அதன் வழியே கால்சியம் உள்ளே போகும். அந்தச் சேதி செல் முழுக்கப் பரவும். கால்சியம் பட்டால் பச்சையாக மினுங்கும் சாயத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்துவிட்டால், சேதி போவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய செல்கள், சூடே கொடுக்காமல் மினுங்கின.

மையத்தின் தலைவர் பேராசிரியர் வேலுமணி திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்மா, இது தானாவே முழிச்சுக்குதா? அப்ப வெயில் வர்றதுக்கு முன்னாடியே தோலுக்குத் தெரியுதுங்கறியா?" என்றார். தெரியவில்லை சார், இன்னும் பார்க்கணும் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த மாதமே கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவளுடைய படம் தாளாளரின் படத்துக்குக் கீழே, தபால்தலை அளவில் இருந்தது. கோயம்புத்தூரில் நடக்கப்போகும் மாநாட்டில் அவள் பேசுவதென்று முடிவாயிற்று.

ஆனால் செல்கள் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. சில நாள் பட்டாசாக மினுங்கின. சில நாள் மங்கின. சில நாள் சும்மா கிடந்தன. "சராசரி எடு, சரியாப் போயிரும்" என்றார் வேலுமணி. அவள் எடுத்தாள். சராசரி அழகாகத்தான் வந்தது. அந்த அழகைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

மோகனூரில் அவள் வளர்ந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியை அவள் தொடக் கூடாது. சரிதா கை பட்டால் பூஞ்சை பூத்துவிடும் என்று அம்மா சொல்வாள். கோபமாக இல்லை, குளிர்காலம் வந்தால் குளிரும் என்பது போலச் சாதாரணமாக. சரிதா நுண்ணுயிரியல் படித்தாள், முனைவர் பட்டம் வாங்கினாள், ஊறுகாய் ஏன் பூக்கிறது என்று வகுப்பே எடுத்தாள். ஆனாலும் செல்கள் தாறுமாறாக மினுங்கிய ஒவ்வொரு முறையும், கையுறைக்குள் இருந்த தன் விரல்களைத்தான் முதலில் பார்த்தாள். எங்கேயோ நான்தான் கெடுக்கிறேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. வாசலில் படம் வைத்துவிட்டார்களே.

போன மாதம் ஒரு வாரம் முழுக்கச் செல்கள் எதுவுமே மினுங்கவில்லை. கூடத்தைத் துடைக்க வந்த அங்காளம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பக் கட்டையை ஊன்றி நின்றாள்.

"ஏனுங் அம்மிணி, மூஞ்சி இப்பிடித் தொங்கிக் கெடக்குது? இந்தப் பொட்டி உங்கள என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்குதுங்க்கா, அதான். உள்ள இருக்கறதெல்லாம் தூங்குது."

"தூங்காம? போன வெள்ளிக்கெழம சாரு பழனி போயிட்டாருல்ல. பூசையில்லாம பொட்டி பட்டினியாக் கெடந்துச்சு. எனக்கு ஒருநேரம் டீ இல்லீனாலே நான் இந்த மாப்பு மேலயே சாஞ்சு தூங்கிருவனுங்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அவள் வாளியை நகர்த்தினாள். சரிதாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

பெட்டி என்பது செல்களை உடம்பின் சூட்டில் வைத்து வளர்க்கும் அலமாரி. அதற்காக வேலுமணி நாலு வருடம் யார் யார் வாசலிலோ நின்றிருக்கிறார். அது வந்து இறங்கிய அன்றைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார். அதிலிருந்து வெள்ளிதோறும், யாரும் வருவதற்கு முன்னால், குளித்து நீறு பூசி வந்து சூடம் காட்டுவார். தறிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் சூடம் காட்டுகிற ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. சரிதாவும் நினைக்கவில்லை. அந்தக் கூடம் எப்போதும் கொஞ்சம் கோயில் மாதிரி வாசம் அடிக்கும். நாளாக நாளாக அவள் மூக்கு அதைச் சொல்வதையே விட்டுவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். உடை மாற்றும் அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். வேலுமணி பெட்டியின் வெளிக்கதவைத் திறந்தார். உள்ளே இருந்த கண்ணாடிக் கதவையும் திறந்தார். எரியும் சூடத்தட்டைத் தட்டுகளின் முன்னால் பக்குவமாக மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு பொட்டலத்திலிருந்து எரிக்காத வில்லைகளை எடுத்து, எறும்பு வராமலிருக்க, மேல்தட்டின் பின்மூலையில் தள்ளிவைத்தார். கைக்குழந்தைக்குப் போர்த்திவிடுவது போலக் கதவைச் சாத்தினார்.

சரிதா நேராகத் தன் மேசைக்குப் போனாள். அதன் இழுப்பறையில் ஒரு பழுப்புநிறக் குப்பி இருந்தது. சூட்டு ஏற்பியைச் சூடில்லாமலே திறக்க வேண்டுமானால் அதிலிருந்து ஒரு சொட்டு விட வேண்டும். உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லோரும் விடுவார்கள். குப்பிக்குள் இருந்தது கற்பூரம். அவளே வாங்கியது, அவளே கரைத்தது. அந்தக் குப்பிக்கும் வெள்ளிக்கிழமைத் தட்டுக்கும் நடுவில் பத்தடி தூரம். ஒன்று அவளுக்கு ரசாயனம், இன்னொன்று சாமி. இரண்டும் ஒரே பொருள் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளியும் சனியும் பட்டாசு. புதன், வியாழனில் வில்லை காற்றில் கரைந்து வெறும் துணுக்காகி, தூக்கம். செல்கள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

பக்கத்துத் துறையில் கெஞ்சி இரண்டு பெட்டி கேட்டாள். ஒன்றில் செல்தட்டோடு சூடத்தை வைத்தாள், மற்றதில் தட்டைச் சும்மா வைத்தாள். சூடம் வைத்தது மினுங்கியது. சும்மா வைத்தது இதோ, திரையில் கறுப்பு. உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். கறுப்பில் ஒவ்வொன்றாகப் பச்சை எழும்பியது. கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கும் நல்ல செல்கள். அவள் கையுறையைக் கழற்றி விரல்களை விரித்துப் பார்த்தாள். வியர்வையில் சுருங்கியிருந்த சாதாரண விரல்கள். அன்றிரவு மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலுமணி சூடத்தட்டோடு உள்ளே வந்தபோது பெட்டிக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள்.

"என்ன சாமி, இவ்வளவு காலைலயே? மாநாட்டு பயமா?"

அவள் சொன்னாள். ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தாமல் பார்த்துக்கொண்டாள். அவர் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் இதே பாடத்தை நடத்தியவர்தான்.

"என்ற கையாலயா?" என்றார் கடைசியில்.

அந்த வார்த்தை அவளை எங்கேயோ தொட்டது. இந்தக் கேள்வியோடு எட்டு மாதம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

"கை என்னங்க சார் கை. சூடங்க. எடுத்து வெளிய வெச்சாத் தீந்துச்சு. நீங்க பண்ணுனது தப்பே இல்லீங்க. தெரியாம நடந்தது."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். மே மாதம் அவருக்கு ஓய்வு. மாநாட்டுப் பேச்சு நல்லபடியாக நடந்தால் மையத்தை அவர் பொறுப்பிலேயே விட்டுவைப்பதாகத் தாளாளர் சொல்லியிருந்தது சரிதாவுக்குத் தெரியும். வெளியே முட்டை லாரி ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"யாருக்காச்சும் தெரியுமா?"

"இல்லீங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல."

"அப்ப இப்பிடிப் பண்ணலாம்." அவர் குரல் தணிந்தது. "திங்கக்கெழம போய்ப் பேசிட்டு வந்துரு. இருக்கறதத்தான பேசப்போற? மினுங்குச்சா, மினுங்குச்சு. அது பொய்யா? பொறவு ஒரு ஆறு மாசம் கழிச்சு, மறுபடி பாத்தோம் வர்லீன்னு நாமளே எழுதிக்கலாம். எத்தன பேரு அப்பிடி எழுதறாங்க. ஒரே ஒரு தடவ, சாமி. எனக்காக."

எனக்காக என்றபோது அவர் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். அவளுக்கு அவர்மேல் பாசமாக இருந்தது. ஊருக்குள் இருந்த எல்லா ஆய்வுக்கூடமும் கைவிரித்தபோது, கைக்குழந்தையோடு வந்தவளுக்கு ஒரு மேசை கொடுத்த மனிதர். அவர் கேட்டால் எதையும் செய்வோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது உள்ளே தேடிப் பார்த்தாள். பயம் இல்லை. கோபம்கூட இல்லை. எட்டு மாதமாகக் கூடவே இருந்த அந்தச் சந்தேகம் போய்விட்டிருந்தது. அது திரும்பி வரும்படி ஒன்றைச் செய்ய அவளால் முடியாது, அவ்வளவுதான்.

"தட்டக் குடுங்க சார். சாலைப் பக்கம் வேப்பமரத்துக்கிட்ட வெச்சு ஏத்தலாம். நானும் கும்பிட்டுக்கறேன்."

அவர் தட்டைக் கொடுத்தார். அவள் பெட்டியைத் திறந்து, பின்மூலையில் மிச்சமிருந்த வில்லைத் துணுக்குகளை வழித்தெடுத்துத் தட்டில் போட்டாள். அவர் எழுந்து பின்னாலேயே வந்தார். கதவருகில், ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் போல மெதுவாகச் சொன்னார்:

"திங்கக்கெழம காலைல உன்ற ஊட்டுக்கே கார் அனுப்பச் சொல்லிடறேன். பஸ்ஸுல போய்ச் சிரமப்படாத."

சரிதா தீப்பெட்டிக்காகக் கையை நீட்டினாள்.

"கார் வேண்டாங்க சார்," என்றாள். "நான் போகலீங்க."