விளிம்பொளிக்கு மூன்றாம் வாரம்

1

இந்தக் கதை சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு தாள்: 'முதல் இயக்கமும் ஆய்வுத் திட்டமும்'. ஆறு வாரத்துக்கு ஆறு கட்டங்கள். மூன்றாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மணப்படைவீடு நிறுத்தம் வரை அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கேட்பதற்குள் இறங்கிவிட்டாள்.

பிறகு அவளுக்குப் பியூலா என்று பெயர் வைத்தேன். ஆற்றோரம் ஓர் ஆய்வுக்கூடமும் கட்டிக் கொடுத்தேன்.*

* அப்படி ஒன்று அங்கே கிடையாது. தேடிப் போக வேண்டாம்.

2

கூடத்தின் நடுவே வளையமாக ஓர் எஃகுக் கலம். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, துளி வாயுவைச் சூரியனைப்போலக் கொதிக்க வைத்து, சுவரில் படாமல் காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்த வேண்டும். அப்போது அந்த ஒளி

(இந்த வாக்கியம் மூன்று நாளாக இப்படியே நிற்கிறது.)

பியூலாவுக்கு அந்த ஒளியின் விளிம்பு மட்டும் போதும். சுவருக்கு எவ்வளவு அருகில் வந்து, எப்படி நடுங்கித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக நான்கு வருடம் ஒரு கருவி செய்தாள். கலம் முதன்முதலாக ஓடப்போகும் ஆறு வாரத்தில் மூன்றாம் வாரம் அவளுடையது. கனவில் அந்த விளிம்பு இளஞ்சிவப்பாக, சத்தமில்லாமல், ஆற்றின் மேல் நகரும் மூடுபனிபோல வரும்.

3

கலத்தை மூடுவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்த டெக்னீசியன் கார்த்திகேசன், கலத்தின் குறுகிய வாய்க்கு முன்னால் திகைத்து நின்றான்.

"எக்கா, என் கை உள்ள போவ மாட்டேங்கு. ஒங்க கை மெல்லிசுல்லா? பைய ஒரு பொட்டு வச்சிருங்க."

"ஏலே, எங்க சர்ச் ஐயர் கேட்டா என்னத்தச் சொல்ல?"

"கர்த்தர் கோவிச்சுக்கிட மாட்டாரு. மெஷின்தான் கோவிச்சுக்கிடும்."

(இங்கே அவளை மறுக்கவைத்துப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே சந்தனத்தோடு கையை உள்ளே விட்டாள்.)

4

ஒன்பது நாள் பம்பு ஓடியும் உள்ளே அழுத்தம் இறங்கவில்லை. சந்தனம் ஆவி விட்டுக்கொண்டே இருந்தது. கேமரா உள்ளே போய்க் கறையைக் காட்டியது. இயக்குநர் சிவசண்முகம் எல்லோரையும் கூட்டினார்.

"தெறந்து தொடைக்கணும். ரெண்டு மாசம் போச்சு. வச்சது யாரு வே? அந்த ஆளு இந்த வருசம் இந்தக் கூடத்துக்குள்ள கால் வைக்கப்பிடாது."

திட்டம் அப்படியே இரண்டு மாதம் தள்ளிப்போகும். மூன்றாம் வாரமும் அதில் இருக்கும். வாயைத் திறந்தால் பியூலாவின் பெயர் மட்டும் இருக்காது.

ஒரு முடிவில் அவள் சொல்லிவிடுகிறாள். எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனாலேயே கிழித்துவிட்டேன். இன்னொன்றில் சொல்லவில்லை. ஒளி வருகிறது, அவள் கனவில் கண்டதைவிட அழகாக. ஆனால் அதைப் பார்க்கும் அவள் முகத்தை எழுத

மூன்றாவதை நான் எழுதவில்லை, அதுவாக வந்தது.

"நாந்தான் சார்" என்றான் கார்த்திகேசன். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சிவசண்முகம் அவன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

அடுத்த வரி பியூலாவுடையது. நான் எழுதினால் அவளை நல்லவளாக்கிவிடுவேன். அவ்வளவு பிரியம் வந்துவிட்டது. பேனா தாளில் படுவதற்குள் நீங்கள் எழுதுங்கள்.