சைபருக்கு வராத முள்ளு

தராசு ரிப்பேர் சங்கிலின்னா திண்டுக்கல் மார்க்கெட்டுல தெரியாத ஆள் கிடையாது. தெரியலேன்னா அவன் ஊருக்குப் புதுசு. கோணிக்கிட்டு வர்ற தராசை நேராக்கி அனுப்புறது என் தொழில், சர்க்கார் லைசென்சு இருக்கு. தட்டு ரெண்டும் சும்மா இருக்கையில முள்ளு நடுவுல நிக்கணும். அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம். அந்த அரைகுறைச் சாஸ்திரத்தை வச்சுத்தான் ஒரு பொம்பளையோட வாழ்க்கையைக் கெடுத்தேன்.

அறுபத்திநாலாம் வருஷம். தோல் மண்டி நூர் அகமது ராவுத்தர் மக பக்ருன்னிசா மெட்ராசுல படிச்சு டாக்டர் பட்டத்தோட ஊருக்கு வந்தாங்க. டாக்டருன்னதும் ரெண்டு பேரு காய்ச்சலுக்கு மருந்து கேட்டுப் போய் நின்னுட்டாக. "எனக்கு நட்சத்திரத்துக்குத்தான் நாடி பார்க்கத் தெரியும்"னு சிரிச்சே அனுப்பிச்சிட்டாங்க. நட்சத்திரம் கோடிக்கணக்குல சேர்ந்தா ஒரு மண்டலமாம். அந்த மாதிரி மண்டலம் நூறு, ஆயிரம் கூடுனா ஒரு கூட்டமாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என்ன கிடக்குன்னு ரேடியோவால கேட்கணும்னாங்க.

"பகல்லயாம்மா?"ன்னேன்.

"ரேடியோவுக்கு ஏதுண்ணே பகலும் ராத்திரியும்?"

வத்தலக்குண்டு ரோட்டுல ராவுத்தர் தோல் காயப்போடுற பொட்டல்ல வேலை நடந்துச்சு. வடக்கே இருக்குற ஒரு ஆராய்ச்சிக்கூடத்துலருந்து ரேடியோப் பெட்டி ஒண்ணு இரவல் வந்துச்சு. வானத்தைப் பார்க்குற கூம்பை நான் செப்புத் தகட்டுல அடிச்சுக் குடுத்தேன். உள்ள ஒரு ஆளு தாராளமாப் படுக்கலாம்.

பெட்டிக்குள்ள என்ன எழவு இருந்துச்சோ எனக்குத் தெரியாது. மேல ஒரு முள்ளு இருந்துச்சு, அது தெரியும். வெறும் வானத்தைப் பார்த்துத் திருப்பினா முள்ளு சைபர்ல நிக்கணும். கூட்டம் இருக்குற பக்கம் திருப்பினா நகரணும். ஆனா வெறும் வானத்துக்கே மூணு கோடு தள்ளி நின்னுச்சு. கிழக்க திருப்பினாலும் மூணு, மேற்க திருப்பினாலும் மூணு. ஒலிபெருக்கியில ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம், காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி. தோசைக்கல்லுன்னா செத்த நேரத்துல அடங்கிரும். இது அடங்கவே இல்ல.

"ஒட்டு எங்கயோ விட்டிருக்குண்ணே"ன்னாங்க டாக்டரம்மா.

எனக்குச் சுள்ளுனு ஏறுச்சு. என் பத்தவைப்புல ஓட்டையா? ஏழு மாசம் பிரிச்சுப் பிரிச்சுப் பத்தவச்சேன். வெயில்லயும் மூணு, மழையிலயும் மூணு. தோல் காயப்போட வர்ற சைதூன், "அந்தச் சத்தம் காதுல விழுந்தா சோறு எறங்க மாட்டேங்குது"ன்னு அந்தப் பக்கம் வர்றதையே விட்டுட்டா. அவளைக் கேலி பண்ணினேன். நெசத்தைச் சொன்னா நானும் ஒலிபெருக்கி மேல கோணியைப் போட்டு மூடிட்டுத்தான் வேலை பார்த்தேன்.

மாசி மாசம் ஒரு மத்தியானம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு.

"அண்ணே, உங்க ஒட்டுல தப்பில்ல. பெட்டியிலயும் தப்பில்ல. அது வானத்துல இருக்கு."

"எது?"

"கல்யாண வீட்டுல சோறாக்குன தேக்சாவை எறக்கி மணிக்கணக்கானாலும் அடுப்படிச் சுவர்ல கை வச்சா வெதுவெதுன்னு இருக்குமில்ல? அந்த மாதிரி. நட்சத்திரம் வர்றதுக்கு முன்னாடி எல்லாமே ஒரே நெருப்பா இருந்திருக்கணும். அந்தச் சூடு இன்னும் முழுசா ஆறல."

"அப்ப இங்கயும் இருக்காம்மா?"

"உங்க கைக்கும் என் கைக்கும் நடுவுலயே இருக்கு."

நான் கையைப் பின்னால இழுத்துக்கிட்டேன். எனக்கு அது பிடிக்கல. அந்தப் பொட்டல்ல நாம தனியா இல்லேங்குற மாதிரி ஒரு பயம்.

"ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுதிட்டேன். அதிகாரி வர்றாரு. அந்த மூணு கோட்டை அவர் கண்ணால பார்த்தாருன்னா பெட்டி இன்னொரு வருஷம் இங்க இருக்கும். இல்லேன்னா அன்னிக்கே லாரியில ஏத்திருவாரு. எல்லாம் பாழ்."

காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. தராசு கோணுனா, "அது அப்படித்தாம்ப்பா"ன்னு சொல்லாத கடைக்காரன் உண்டா? பாவம், இவங்களும் வேற வழியில்லாம சொல்றாங்கன்னுல்ல நெனச்சேன்!

பங்குனியில ஒரு வெள்ளிக்கிழமை காலையில டாக்டரம்மா அதிகாரியைக் கூட்டிவர ஜட்கா வண்டி பிடிச்சு ஸ்டேஷனுக்குப் போனாங்க. நானும் பெட்டியும் மட்டும் இருந்தோம். மூணு கோட்டுல நின்னுக்கிட்டு அந்த முள்ளு என்னைப் பரிகாசம் பண்ணுச்சு. தராசு இன்ஸ்பெக்டரு வர்ற அன்னிக்கு மார்க்கெட்டுல நாங்க என்ன செய்வோம்? தட்டுக்கு அடியில புளி உருண்டையை ஒட்டியாவது முள்ளை நடுவுல நிறுத்துவோம். முள்ளுக்குக் கீழே மூடி போட்ட சின்னத் திருகு ஒண்ணு இருந்துச்சு. மூடியைக் கழட்டி அரைச் சுத்து சுத்துனேன். முள்ளு சைபர்ல வந்து உக்காந்துச்சு. மூடியையும் போட்டுட்டேன். சத்தம் மட்டும் நிக்கல.

அதிகாரி வந்து கூம்பை நாலு பக்கமும் திருப்பச் சொன்னாரு. நாலு பக்கமும் சைபர். டாக்டரம்மா பெட்டியைத் தட்டினாங்க, கம்பியை ஆட்டினாங்க. "நேத்து சாயங்காலம்கூட இருந்துச்சு சார்"னு நாலு தடவை சொன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. ஐயோ, இந்தம்மாவுக்கு முள்ளு தள்ளித்தானே நிக்கணும்! அதிகாரி முன்னால ஒத்துக்கப் பயந்து கூம்புக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டேன்.

"ஏதோ லூஸ் கனெக்‌ஷன், தானாச் சரியாயிருச்சு"ன்னாரு அவரு. எட்டு மாசமா டாக்டரம்மா முள்ளுக் கணக்கு எழுதி வச்ச நோட்டுலயும் 'கருவிக் கோளாறு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாரு. போட்டாங்க. சாயங்காலமே பெட்டி லாரி ஏறிருச்சு.

ஆனி மாசம் ஒரு மத்தியானம் டாக்டரம்மா இங்கிலீஷ் பேப்பரோட என் பட்டறைக்கு வந்தாங்க. அமெரிக்காவுல ரெண்டு பேரு அதே சூட்டைக் கண்டுபிடிச்சுட்டாங்களாம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காம்.

"அண்ணே, நான் ஸ்டேஷனுக்குப் போன நேரத்துல பெட்டியை யாராச்சும் தொட்டாங்களா? கோவப்பட மாட்டேன். தொட்டதா ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், என் எட்டு மாசம் எனக்குத் திரும்பி வந்துரும்."

பட்டறையில ஒட்டன்சத்திரம் கமிஷன் கடைக்காரரு உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாரு. சர்க்கார் பெட்டியைத் திருகினேன்னு எழுதிக் குடுத்தா என் லைசென்சு என்னாகும்? ஊரு என்ன பேசும்?

"யாரும் தொடலம்மா"ன்னேன்.

என் மூஞ்சியையே பார்த்தாங்க. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கண்ணே. அப்ப அந்த எட்டு மாசமும் நாந்தான் இல்லாததைப் பார்த்திருக்கேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அன்னிக்குச் சோறு எறங்கல. பொழுது சாயுறப்ப சைதூன் ஓடி வந்தா. "அந்தம்மா நோட்டு பூராத்தையும் அள்ளி மண்டி அடுப்புல போடுதுண்ணே!"

செருப்புக்கூடப் போடாம ஓடினேன். போய்ச் சேர்றப்ப அடுப்புல சாம்பல்தான் இருந்துச்சு. டாக்டரம்மா பக்கத்துலயே நின்னாங்க.

"நாந்தாம்மா திருகுனேன்"னேன். "புத்தி கெட்டுப்போய் சைபருக்குக் கொண்டு வந்தேன்."

திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டியிருந்தா பொழச்சிருப்பேன்.

"ஏண்ணே"ன்னாங்க. "மத்தியானம் சொல்லல. எரிச்சதெல்லாம் நெசம்னு இப்பச் சொல்லாமலே இருந்திருக்கலாமே."