காலி டாங்க்

"ரேஸ் குடு" என்றார் மெக்கானிக் வானிஸ்.

ஷெஹாத்தா ஆக்சிலேட்டரை மிதித்தான். என்ஜின் உறுமியது.

"இப்ப காலை எடு."

எடுத்தான். உறுமல் இறங்கி, இரண்டு மூன்று முறை இருமி, டாக்ஸி ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கிவிட்டது. காலையிலிருந்து இதே கூத்துதான். மழை பெய்து ஓய்ந்த கர்மூஸ் சந்தில், பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த வானிஸ் வெளியே வரவும் இல்லை, என்ன கோளாறு என்று சொல்லவும் இல்லை. டாக்டர் வாயைத் திறக்காமல் நாடி பிடித்துக்கொண்டே இருந்தால் நோயாளிக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது ஷெஹாத்தாவுக்கு.

ஓடும்போது வண்டி ஓடியது. நிற்கும்போதுதான் செத்தது. சிக்னலில் காலை எடுத்தால் ஆஃப், ஆள் இறங்கும்போது ஆஃப். முந்தின நாள் டிராம் தண்டவாளத்தின் மேல், நிறைமாதக்காரி ஒருத்தி பின் சீட்டில் இருக்கும்போது ஆஃப். டிராம்காரன் மணியடித்த அடியில் தெருவே திரும்பிப் பார்த்தது. செய்தி டாக்ஸியின் முதலாளி ஃபர்கலி ஹாஜியாரின் காப்பிக்கடைக்கு ஷெஹாத்தாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

"இன்னொரு தரம் நடுரோட்டுல நின்னுச்சு, நேரா இரும்புக்கடைக்குத் தள்ளிருவேன்" என்றார் ஹாஜியார். "சரியா ஓடுச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் ஓட்டிப் பொழைங்க. நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

இரண்டு பேர் என்றால் பகலுக்கு ஷெஹாத்தா, இரவுக்கு அதிய்யா; எட்டு வருஷமாக இதே டாக்ஸிதான். ஐம்பதைத் தொட்ட ஷெஹாத்தாவுக்கு இந்தச் சாவி போனால் வேறு சாவி கிடைக்காது. டாக்ஸி கிடைக்குமா என்று இளவட்டங்கள் முதலாளிமார் வாசலில் வரிசைகட்டி நிற்கிற ஊர் இது. வீட்டில் மூன்று பெண்கள். பெரியவள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பே இந்த டாக்ஸியின் நாலு சக்கரத்தின் மேல்தான் நின்றது.

வானிஸ் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், பழுதில்லை. காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் அமுக்கிப் பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. கார்புரேட்டரின் சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினார். காலை எடுத்த பிறகும் என்ஜின் சற்று நேரம் ஓடியது. ஷெஹாத்தாவின் முகம் மலர்வதற்குள் செத்தது. கடைசியில் பம்பிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிக் காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்.

"சாவியத் திருப்பு."

பெட்ரோல் ஒரு பீச்சு பீச்சியது. அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"பம்பு போயிருச்சா உஸ்தா?" என்றான் ஷெஹாத்தா. தொழில்காரர் எவரையும் அங்கே உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பம்பு நல்லாத்தான் இருக்கு. இழுக்குது, வரமாட்டேங்குது." வானிஸ் டாங்க் பக்கம் போகும் குழாயில் வாயை வைத்து ஊதினார். உள்ளே குபுகுபுவென்று சத்தம் கேட்டது. மறுபடி சாவியைத் திருப்பியபோது பெட்ரோல் நன்றாக வந்தது, வந்து கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொண்டது. அவர் காரின் அடியில் படுத்து டாங்கின் அடி நட்டைக் கழற்றினார். தகர டப்பாவில் விழுந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. துருப்பொடியும் தண்ணீரும் கலந்த சேறு அது.

வானிஸ் டப்பாவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்த டாங்கை என்னைக்காச்சும் நிரப்பியிருக்கியா?"

ஷெஹாத்தா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"காலி டாங்க்ல ஈரம் கோக்கும், துரு பிடிக்கும். நீங்க அடிமட்டத்துலயே ஓட்டுறீங்க, அது அடியில கெடக்கறதை உறிஞ்சுது. கார்புரேட்டர்ல ஊசி போற ஓட்டை ஒண்ணு, அது அடைச்சா, காலை எடுத்தப்புறம் எங்க ஓடும்? வண்டிக்கு ஒரு நோவும் இல்லப்பா. பட்டினி."

யார் ஆரம்பித்தது என்று இப்போது சொல்ல முடியாது. பெட்ரோல் போடுவது ஓட்டுகிறவன் பொறுப்பு. முதல் வருஷம் எப்போதோ ஒருத்தன் கால் டாங்க் விட்டுப் போக, மற்றவன் அதை ஓட்டித் தீர்த்துவிட்டுக் காலியாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அன்று பிடித்த வீம்பு. டிராம் டிப்போ மூலையில் வண்டி கைமாறும்போது, வாங்குகிறவன் பின்பக்கத்தை இடுப்பால் ஒரு இடி இடித்துக் காது கொடுப்பான். உள்ளே சளப்பென்று கேட்டால் கொடுத்தவன் ஏமாளி. அடுத்தவன் வண்டியை எடுத்து பங்க் வரைக்கும் போய்ச் சேரத்தான் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ஷெஹாத்தா கெட்டிக்காரன். அதை நினைக்க அவனுக்கு இப்போது வெட்கமாக இருந்தது.

போனில் கேட்டபோது ஹாஜியார் ஒரு பைசா தர மாட்டேன் என்றார். "காலி பண்ணது நீங்க, கழுவ வேண்டியதும் நீங்க. ரெண்டு நாள் வேணும்னா எடுத்துக்கங்க." அந்த இரண்டு நாள் வாடகையைக் கேட்காமல் விட்டாரே என்று ஷெஹாத்தாவுக்கு மனசு குளிர்ந்தது.

அதிய்யா தூக்கக் கண்ணோடு வந்தான். இருவருமாக டாங்கைக் கழற்றி இறக்கினார்கள். வானிஸ் அதற்குள் வினிகரை ஊற்றி, பழைய சங்கிலித் துண்டு ஒன்றைப் போட்டு மூடினார். "ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு ஆட்டுங்க. கை விட்டுப்போற வரைக்கும் ஆட்டுங்க. எட்டு வருஷத்துப் பாவம், சும்மா போகாது."

ஆட்டினார்கள். சங்கிலி உள்ளே கடகடத்தது. வினிகர் நாற்றம் கண்ணைக் கரித்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு நேரம் எதிரெதிரே நின்றதே இல்லை.

"எட்டு வருஷத்துல எனக்குன்னு ஒரு சொட்டு விட்டு வெச்சிருப்பியாண்ணே நீ?" என்றான் அதிய்யா மூச்சிரைக்க.

"நீ மட்டும் விட்டியாக்கும்? எம் பொண்ணுக்குக் காய்ச்சல் கண்ட அன்னைக்கு, பங்க்கு வரைக்கும் நான் தள்ளிக்கிட்டுப் போனேண்டா."

அதிய்யா ஆட்டுவதை நிறுத்தினான். "அது எனக்குத் தெரியாதுண்ணே."

"இப்பத் தெரிஞ்சுக்க. ஆட்டு."

இனிமேல் அரை டாங்குக்குக் கீழே இறக்கி யாரும் கொடுப்பதில்லை என்று முடிவானது. வானிஸ் புது ஃபில்டர் போட்டு, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, காதை வைத்துக் கேட்டுக்கேட்டு ஸ்க்ரூவை நிறுத்தினார். செலவுக்காக அதிய்யா தன் போனை விற்றான். ஷெஹாத்தா பெரியவளின் பீஸுக்கு வைத்திருந்ததை எடுத்தான். பங்க்கில் "நிரப்பு" என்று அவன் சொன்னதும் பெட்ரோல் போடுகிறவன் குனிந்து முகத்தைப் பார்த்தான்.

"எங்கயாச்சும் புதையல் கெடச்சுதா உஸ்தா?"

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஷெஹாத்தா வேண்டுமென்றே சிக்னலில் போய் நின்றான். வண்டி நின்றது, என்ஜின் நிற்கவில்லை. கால் சும்மா கிடந்தது. இறங்கும் ஆட்களிடம், "மெதுவா எறங்குங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றான். அதிய்யா சொன்ன சொல் தவறவில்லை. காலையில் வண்டி பாதிக்கு மேல் பெட்ரோலோடு வந்தது. சில நாள் அதற்கும் மேலே.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு பேரையும் வண்டியோடு வரச்சொல்லி ஹாஜியார் ஆளனுப்பினார். ரிப்பேர் செலவில் பாதியாவது தருவார் என்று அதிய்யா நம்பினான். இருக்கும் என்றுதான் ஷெஹாத்தாவும் நினைத்தான். போகிற வழியில் வண்டியைக் கழுவி, டாங்கை நிரப்பிக்கொண்டு போனார்கள். முதலாளி பார்க்கட்டுமே.

காப்பிக்கடை வாசலில் ஹாஜியாரின் பக்கத்தில் தமன்ஹூரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். கனத்த கம்பளிச் சால்வை, கையில் டீ.

"ஆஃப் பண்ணாத ஷெஹாத்தா, ஓடட்டும்" என்றார் ஹாஜியார். வந்தவர் எழுந்து போய்த் தன் டீ கிளாஸை பானெட்டின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். டீ அசையவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் ஹாஜியார். "டாங்க்கை எறக்கிக் கழுவி, கார்புரேட்டரைப் பிரிச்சு, எல்லாம் புதுசு மாதிரி பண்ணி வெச்சிருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. ஷெஹாத்தா, என்னென்ன வேலை பாத்தீங்கன்னு இவருக்குச் சொல்லுப்பா."

ஷெஹாத்தாவுக்கு விளங்கிவிட்டது. "சரியா ஓடுச்சுன்னா ரெண்டு பேரும் ஓட்டுங்கன்னு சொன்னீங்களே ஹாஜியாரே" என்றான்.

"சொன்னேன். அன்னைக்கு இதுக்கு இரும்பு வெலதான். இப்ப வண்டி வெல குடுக்கறாங்கப்பா. நான் என்ன செய்ய?" அவர் நிஜமாகவே வருத்தப்படுகிறவர்போல் கையை விரித்தார். "இவர் மகனே ஓட்டிக்குவானாம்."

"அதுல எங்க பெட்ரோல் இருக்கு" என்றான் அதிய்யா. அவன் குரல் உடைந்திருந்தது.

"அதையும் சேத்துத்தான் பேசியிருக்கு" என்றார் தமன்ஹூர்க்காரர் சாதாரணமாக.

இரண்டு பெரியவர்களும் கை கோத்து, விலை முடிந்ததற்கு உறுதியாக ஃபாத்திஹா ஓதினார்கள். ஓதி முடித்தும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்: வெங்காய விலை, மழை, யாரோ ஒரு மருமகன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் ஷெஹாத்தா ஜன்னல் வழியே சாவிக்குக் கையை நீட்டினான்.

"விடுப்பா, ஓடட்டும்" என்றார் ஹாஜியார் திரும்பாமலே. "டாங்க் நிறைய இருக்குல்ல."

அவன் கையை எடுத்துக்கொண்டான். இருவரும் சுவரோரமாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஒரு தரம்கூட இருமவில்லை.