நூறு பேரில் ஒன்று

எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் சரியாக நூறு பேர். அடுப்புப் பொறுப்பு என் தம்பி துரையுடையது. ஒவ்வொரு ஈடு வெந்ததும் முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடித் தலையாட்டுவான். அந்தத் தலை ஆடாமல் ஒரு ரொட்டியும் வெளியே போகாது. அவனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

போன மாதம் எனக்கு சீலியாக் என்று தெரிந்தது. கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகும் நோய். மாவு பிசையும் இடத்திலிருந்து என்னை அட்டைப்பெட்டி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். மதியம் எல்லோரும் சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்ன, நான் மட்டும் மூலையில் என் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன்.

"நூத்துல ஒருத்தருக்கு இருக்குமாம்டா. நிறைய பேருக்குத் தெரியவே தெரியாதாம்" என்று நர்ஸ் சொன்னதைத் துரையிடம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"நாம நூறு பேரு. அந்த ஒண்ணு நீ. நம்ம பங்கு முடிஞ்சுதுக்கா."

இதைத் தொழிற்சாலை முழுக்கப் பரப்பிவிட்டான். ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

சிரித்தேன்தான், ஆனால் என் கண் துரை மேலேயே இருந்தது. அவனுக்கு வாய்ப்புண் ஆறுவதே இல்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறான். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"கூடப் பிறந்தவங்கன்னா பத்துல ஒருத்தருக்குக்கூட வரலாமாம். ரத்தம் குடுத்துப் பாருடா."

"நாம ரெண்டு பேர்தானே? அம்மா இன்னும் எட்டு பேரைப் பெத்திருந்தா யோசிக்கலாம்."

கோபம் தலைக்கேறியது. நேராக அடுப்பு முன்னால் போய், வெந்த ரொட்டி ஒன்றைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"பைத்தியமா உனக்கு? உள்ள போனா என்னாகும்?"

"உனக்கு மட்டும் என்னாகுமாம்? கிளம்பு."

பிடுங்கிய ரொட்டியை வைத்துவிட்டு ரத்தம் கொடுக்கக் கிளம்பினான்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி அறை வாசலில் வந்து நின்றான். ரத்தம் பார்த்து, குடலையும் பார்த்துவிட்டார்கள். அவனுக்கும் அதேதான்.

"நூறு பேர்ல ரெண்டா? கணக்கு உதைக்குதேக்கா."

"இன்னும் நூறு பேரை வேலைக்கு எடுக்கச் சொல்லுவோம்டா."

சிரித்தான். பிறகு, "ருசி பாக்காம நான் எப்படி..." என்று இழுத்தான்.

மறுநாள் மாவுத்தூள் உள்ளே போகாதபடி முகமூடியோடு அடுப்பு முன் நின்றான். முதல் ரொட்டியைக் கவிழ்த்து, அடியில் விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டான். நன்றாக வெந்த ரொட்டி டொக்கென்று ஒலிக்கும். தலை ஆடியது. ரொட்டி வெளியே போனது.

மதியம் டப்பாவோடு என் மூலைக்கு வந்தான். சந்தோஷப்படக் கூடாத விஷயம்தான். ஒரு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டவள், சந்தோஷப்பட்டுவிட்டேன்.

"தள்ளி உக்காருக்கா" என்றான்.