அடக்கம் முடியும்வரை

என் தம்பி மரியஜானைக் கடல் கொன்றது என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் மண்ணை அள்ளிப் போடுவேன். கடல் பாவம், அதன் வேலையைத்தான் செய்தது.

எங்கள் கரையில் ஒரு சாவு விழுந்தால், சவத்தைக் குழிக்குள் வைக்கும்வரை எவனும் கட்டுமரத்தைக் கடலில் இறக்கக்கூடாது. இறக்கினால் ஊர்விலக்கு. நல்ல வழக்கம்தான், நானும் குறை சொன்னதில்லை. அன்று விடியற்காலையில் வியாகுலக் கிழவர் செத்தார். கோவில் மணி அடித்தது. அவர் மகன் சிலுவைபிச்சைதான் ஊர்த்தலைவர். ஆலப்புழையிலிருந்து தன் தம்பி வந்து சேரட்டும் என்று அடக்கத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்.

மரியஜான் முன்பு அந்தச் சிலுவைபிச்சையின் கட்டுமரத்தில்தான் துடுப்புப் போட்டான். நாகர்கோவில் கயிற்று வியாபாரி ஜெயசிங் முதலாளி, சீமைக்குத் திரும்புகிற ஒரு தோட்டத்துரையிடம் பாய்க்கப்பல் ஒன்று வாங்கினார். சரக்கு ஏற்றவா? அதெல்லாம் இல்லை, சும்மா கடலில் உலாத்துவதற்கு! துரைமார் கொடியை இறக்கி இரண்டு வருஷம் ஆகவில்லை, இவருக்குத் துரையாக ஆசை. கப்பலை ஓட்ட மரியஜானைக் கூப்பிட்டார். இவனும் தலைவரின் முகத்துக்கு நேரே துடுப்பைப் போட்டுவிட்டுப் போனான். தலைவருக்கு அது உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடந்தது.

முந்தின நாளே கப்பலோடு குளச்சலுக்குப் போயிருந்தவன், ஊரில் சாவு விழுந்தது தெரியாமல், உச்சி வேளைக்குப் பாய் விரித்து எங்கள் துறைக்கு வந்தான். மாலையில் முதலாளி விருந்தாட்களோடு வருவதாக ஏற்பாடு. கடல் இறங்கியிருந்த நேரம், தண்ணீர் வற்றிக் கிடந்தது. பாறைக்குப் பக்கத்தில் நங்கூரத்தைப் போட்டான்.

எங்கள் ஆட்கள் வேலை முடிந்தால் மரத்தை மணலில் இழுத்துப் போடுகிறவர்கள். கடலில் நிறுத்த வேண்டுமானால் ஒரு கல்லைக் கட்டி நேர் கீழே இறக்குவார்கள், கயிறு விறைப்பாக நிற்கும், தூண்டில் போடுவார்கள். பாவிப்பயல் அந்தக் கப்பலையும் அப்படியே நிறுத்தினான். சங்கிலியை நீளமாக விட்டால்தான் நங்கூரம் தரையைக் கடிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? தண்ணீர் ஏறியது. ஆனி மாதத்து அலையும் கூட வந்தது. கப்பல் எழும்ப எழும்ப நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. கப்பல் பாறையைப் பார்த்து நகர்ந்தது.

அப்போதுதான் புத்தி வந்து, அவன் ஓடிப்போய்ச் சங்கிலியை அவிழ்த்து நீளமாக விட்டான். அது சரசரவென்று ஓடி, அவன் காலைச் சுற்றி, சங்கிலி கட்டுகிற கட்டையோடு சேர்த்து நெரித்துவிட்டது. நீந்தத் தெரியாதவனா அவன்? கால் மட்டும் கழன்று வந்திருந்தால் குதித்துக் கரையேறியிருப்பான். ஒரு மரம் போய், இரண்டு பேர் சங்கிலியை இளக்கினால் போதும்.

"எக்கா! மரம் கொண்டுவரச் சொல்லுக்கா!"

கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. நான் சிலுவைபிச்சையிடம் ஓடினேன்.

"அண்ணே, மரத்தத் தள்ளச் சொல்லுங்க. எனக்க தம்பி கெடந்து நெலவிளிக்கான்."

"அப்பனுக்க ஒடம்பு வீட்டுல கெடக்கு. மரம் எறங்கப்பிடாது."

"மீன் பிடிக்கவா போவச் சொல்லுதேன்? உசிருல்லா போவுது!"

"மணி அடிச்ச பொறவு பாய் விரிச்சு வந்தவன் அவன்."

"அவன் குளச்சல்ல கெடந்தாம்ண்ணே. சாவு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதவன் மாதிரியா வந்தான்? ராசா மாதிரில்லா வந்தான்!"

சொல்லும்போது அந்த ஆளின் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்பன் செத்த வீட்டுக்காரன் முகம் அது. நான் பார்த்தேன்.

ஒருவன் மட்டும் குனிந்து துடுப்பை எடுத்தான். சிலுவைபிச்சை சத்தம் போடவில்லை. "லேய், நாளைக்கு ஒனக்க வீட்டுலயும் சாவு விழும். குழி வெட்ட ஆளு வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். துடுப்பு மணலில் விழுந்தது.

நானே ஒரு மரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. "பொம்பள மரத்தத் தொடலாமாட்டி?" என்று இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். என்னை இழுக்க மட்டும் அவர்களுக்கு வழக்கம் தடையாக இல்லை!

அப்போதுதான் ஜெயசிங் முதலாளியின் கார் வந்தது. "ஐயோ, கப்பலு போச்சே! கப்பலப் பிடிச்சு நிறுத்துங்கலே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாசமாய்ப் போகிறவர், அதில் ஒரு மனுஷன் கிடக்கிறது அவர் கண்ணில் படவே இல்லை.

கப்பல் பாறையில் மோதியது. அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஆலப்புழைத் தம்பி வந்தார். கிழவரை அடக்கினார்கள். சிலுவைபிச்சை கையிலிருந்த குழிமண்ணைத் தட்டிவிட்டு, "இனி எறக்குங்கலே" என்றார். ஐந்தாறு மரம் போயிற்று. சங்கிலி சுற்றிய காலோடு தம்பியைக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் சாளை மீன் கரையோரம் வந்து கடல் கறுத்துக் கிடந்தது. அந்த வருஷத்தில் அப்படி ஒரு மீன் வந்ததில்லை. சிலுவைபிச்சை மணலில் வந்து நின்றார்.

"எவனும் மரத்தத் தொடப்பிடாது. மரியஜானுக்க அடக்கம் முடியட்டும்."

எவனும் தொடவில்லை. எவ்வளவு நியாயமான தலைவர் என்று பெண்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். சவப்பெட்டிக்குப் பின்னால் ஊர் முழுவதும் வந்தது. முன்வரிசையில் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் சிலுவைபிச்சை.