இரட்டை விசில்

"அந்தச் சட்டை வேணாம் அண்ணி" என்றார் கண்டக்டர்.

இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி அவள் நிமிர்ந்தாள். ஹாலில் அவள் கணவர் கிடத்தப்பட்டிருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஷூ மாட்டக் குனிந்தவர்தான், நிமிரவில்லை.

"ஏன், இதுக்கென்ன? நல்ல சட்டைதானே?"

"காலர் கழுத்தை அறுக்குதும்பாரு. மேல் பொத்தானைக் கழட்டி விட்டுட்டுத்தான் வண்டியே எடுப்பாரு."

முப்பத்துநாலு வருஷம் துவைத்துப் போட்டவளுக்குத் தெரியாத கழுத்து, இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது! அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சட்டையையே தேய்த்துக் கொடுத்தாள். போட்டுவிட்ட பிறகு, யாரும் பார்க்காதபோது மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் டிரைவரும் கண்டக்டருமாக இரண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரூட். வாரத்தில் நாலு ராத்திரி வெளியூர் ஷெட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ரிட்டயர் ஆனதும் மனுஷன் வீட்டோடு கிடப்பார் என்று அவள் எத்தனை கணக்குப் போட்டு வைத்திருந்தாள்! அவரோ மூன்றாம் மாதமே கண்டக்டரோடு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "இத்தனை வருஷம் ஓட்டின ரூட்டை ஒரு தடவை நடந்து பார்க்கப் போறோம்." பத்தொன்பது நாள் நடை. நானும் வரேன் என்றதற்கு, "உன் முட்டி தாங்காது" என்று ஒரே வரி. திரும்பி வந்தவரிடம் என்ன பார்த்தீங்க என்று கேட்டாள். "என்னத்தைப் பார்க்க? ரோடும் காக்காவும்தான்" என்றார். போன வருஷம் நடந்தது இது.

இப்போதும் பார், தலைமாட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்? காலையில் வந்ததிலிருந்து கண்டக்டர் அந்த நாற்காலியை விட்டு அசையவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டு, பிறகுதான் அவள் பக்கம் வருகிறார்கள். பெண்டாட்டி நானா அவரா என்று கேட்டுவிடலாம் போலிருந்தது.

"ரெண்டு பேரும் நடந்தே போனீங்களாமே?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஆமா சார். எட்டாம் நாள் காட்டுப் பாதையில போறோம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் சரிவு. அண்ணன் முன்னாடி, நான் பத்தடி பின்னாடி. வளைவு திரும்பினா, பாதையை அடைச்சுக்கிட்டு நிக்குது சார் ஒரு காட்டெருமை! மூச்சு விடுறது எனக்கே கேக்குது. அண்ணன் அப்படியே நின்னுட்டாரு. எனக்குப் பேச்சே வரல. கழுத்துல பழைய விசில் சும்மா தொங்கிட்டிருந்துது. ஒரு விசில்னா நில்லு, ரெண்டு விசில்னா போ, அதானே நம்ம தொழில்? அசையாதீங்கன்னு ஒரு விசில் அடிக்கத்தான் வாயில வச்சேன். நடுக்கத்துல ரெண்டா அடிச்சுத் தொலைச்சுட்டேன்!"

"ஐயையோ!"

"மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல சார். ரெண்டு விசில் கேட்டுது, கிளம்பிட்டாரு. நேரா அது மூஞ்சியைப் பார்த்து நடக்குறாரு! அது ரெண்டு நிமிஷம் முறைச்சுது. அப்புறம் எதிர்ல வர்ற லாரி ஒதுங்குற மாதிரி சரிவுப் பக்கம் இறங்கி வழி விட்டுது."

சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். கண்டக்டரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை. சாப்பிட வாங்க என்று பத்துத் தடவை கூப்பிட்டாலும் அசையாத மனுஷன் அவர். இவர் ஊதினால் எமன் வாய்க்குள்ளேயே நடப்பாராமா? அதையும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், காக்காவாம் காக்கா!

"வீட்ல மட்டும் சொல்லிடாதடான்னு சத்தியமே வாங்கிட்டாரு" என்று கண்டக்டர் அவள் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க அண்ணி. அதான் இத்தனை நாளா..."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எங்கிட்ட எதை மறைச்சிருக்காரு?"

பச்சைப் பொய். நாக்கு கூசவில்லை அவளுக்கு. கண்டக்டரின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. தனக்கென்று பொத்தி வைத்திருந்ததை யாரோ முன்பே எடுத்துவிட்டதுபோல அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்போ..." என்றார் மெதுவாக. "அது போனதும் கால் நடுங்கி அந்தப் பாறை மேல உக்காந்தாரே. உங்களைப் பத்தி ஒண்ணு சொன்னாரே. அதையுமா சொன்னாரு?"

ஹாலில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னாரு" என்றாள்.

"அப்போ சரி" என்று கண்டக்டர் எழுந்தார். "நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். அவர் வாயாலயே கேட்டுட்டீங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்? நீங்க இப்படி உக்காருங்க அண்ணி."

மூன்று மணிக்கு வேன் வந்தது. பின்னால் ஒருத்தர்தான் கூட உட்காரலாம், முன்னால் ஒருத்தர் என்றார் வேன்காரர். யாரும் வாயைத் திறப்பதற்குள் அவள் ஏறிக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் மறுபேச்சுப் பேசாமல் முன்சீட்டுக்குப் போனார்.

நடுவில் தலையணை அகலத்துக்கு ஒரு திறப்பு. அதன் வழியே கண்டக்டரின் பிடரி தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். தெருமுனை தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாறை மேல் உட்கார்ந்து என்ன சொல்லியிருப்பார்? திட்டியிருப்பாரா? முட்டி வலியோடு அவளையும் கூட்டி வந்திருக்கலாம் என்றாரா?

"தம்பி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

கண்டக்டர் சட்டென்று திரும்பினார். பக்கத்தில் வேன்காரரும் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். முகத்தில் பறந்த முடியை ஒதுக்கினாள்.

"காத்து ரொம்ப அடிக்குதா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, அவர் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கடைசிவரை ஏற்றினார். "இப்போ சரியா?"

அவள் தலையாட்டினாள்.