எல்வியோவின் மூன்று சீட்டுகள்

புவெனஸ் ஐரிஸில் தடுக்கி விழுந்தால் ஒரு மனோதத்துவக்காரர் மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேர் இருந்தும், எங்கள் ஆஸ்பத்திரியில் ஹிப்னாடிசம் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். அதற்காகச் சக மனோதத்துவக்காரன் பெர்னார்தோ என்னைக் கேண்டீனில் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை.

"என்ன இர்மா, அடுத்த வாரம் தொப்பியிலேர்ந்து முயல் எடுக்கக் கத்துத் தராங்களா?"

"உன் பேஷண்ட் பத்து வருஷமா சோபாவுல படுத்தே கிடக்கானே, அவனை முதல்ல எழுப்பு."

வாய்க்கு எனக்குக் குறைவில்லை. கைதான் இன்னும் பழகவில்லை. சனிக்கிழமை வகுப்பில் சக மாணவர்களிடம் பயிற்சி செய்திருக்கிறேன்; அவர்கள் ஒத்துழைக்கவென்றே வந்தவர்கள். நிஜ நோயாளி என்று முதலில் கிடைத்தது தீக்காய வார்டில் இருந்த எல்வியோ.

அவர் பீட்சாக் கடைக்காரர். இடது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. கட்டு மாற்றும்போது நர்ஸ் சுனில்தா விரல் இடுக்குகளைச் சுத்தம் செய்ய வேண்டும். அவரோ வலிக்குப் பயந்து கையை இறுக்கி மூடிக்கொள்வார். வலி மருந்து போதவில்லை. இதயம் பலவீனம் என்பதால் ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து கொடுக்கவும் முடியாது. இப்படியே போனால் விரல்கள் மடங்கியபடியே ஒட்டிப்போகும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

பாடத்தில் உள்ளபடியே ஆரம்பித்தேன். படுத்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடுங்கள், கடற்கரை, அலை. கண்ணை மூடியதுதான் தாமதம், அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அலைன்னதும் எங்கப்பா ஞாபகம் வருது டாக்டர். அவருக்கு என்னைப் பிடிக்காது. ஏன்னா..."

"அப்பா இருக்கட்டும். அலையைக் கேளுங்க."

"பாத்தீங்களா, நான் தப்பிக்கப் பாக்கறேன். என் பழைய மனோதத்துவ டாக்டரும் இதையேதான் சொல்வார்."

இந்த ஊர்க்காரரைப் படுக்க வைத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சுனில்தா கட்டின் நுனியைத்தான் தொட்டாள். கை இறுகியது. மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கடற்கரை மேல் கோபம் கோபமாக வந்தது.

அவரை எழுந்து உட்காரச் சொன்னேன்.

"த்ரூக்கோ ஆடுவீங்களா?"

"இது ஒரு கேள்வியா? கடை மூடினதும் தினம் சீட்டுதான்."

"சீட்டை எந்தக் கையில பிடிப்பீங்க?"

அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"சரி, மூணு சீட்டும் வந்தாச்சு. கையில எடுங்க. எதிர்ல யாரு?"

"மச்சான் ரோகே. சரியான ஏமாத்துக்காரன்."

"அவன் உங்க முகத்தையே பாக்கறான். ஒண்ணும் காட்டிக்காதீங்க. முதல் சீட்டு மட்டும்தான் தெரியுது. மத்த ரெண்டும் அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு."

எங்கள் சீட்டுக்கட்டில் கோப்பை, வாள் என்றெல்லாம் சின்னங்கள் உண்டு; த்ரூக்கோவில் வாள் ஏஸை வெல்லும் சீட்டு கிடையாது. எங்கள் ஆட்கள் சீட்டை ஒரேயடியாக விரித்துப் பார்ப்பதில்லை. ஒன்றின் பின்னால் இருக்கும் அடுத்ததை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித்தான் பார்ப்பார்கள். எல்வியோவின் பார்வை கையில் நிலைத்தது. இமைகள் அசைய மறந்தன. மூச்சு நிதானமானது. என் குரலையும் அந்த மூச்சின் வேகத்துக்கு இறக்கினேன். நான் கண்ணைக் காட்டியதும் சுனில்தா கட்டைப் பிரித்தாள்.

"ரெண்டாவது சீட்டோட ஓரம் தெரியுது. என்ன அது?"

"கோப்பை," என்றார், எங்கிருந்தோ.

"அவசரமே இல்ல. ரோகே காத்துக்கிட்டு இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் நகர்த்துங்க."

கட்டைவிரல் நகர்ந்தது. சுட்டுவிரல் நடுவிரலை விட்டு விலகியது. அந்த இடுக்கில் சுனில்தா ஈரத்துணியை விட்டுத் துடைத்தாள். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"இப்ப மூணாவது."

மோதிரவிரல் பிரிந்தது. பிறகு சுண்டுவிரல். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதே குரலில் பேசிக்கொண்டிருந்தேன். சுனில்தா விரல் விரலாகப் புதுக் கட்டுப் போட்டாள்.

"முடிஞ்சுது அண்ணே," என்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அவர் நிமிரவே இல்லை.

"சும்மா இரும்மா," என்று கிசுகிசுத்தார். "வாள் ஏஸ் வந்திருக்கு. உன் மூஞ்சியைப் பாத்தே ரோகே கண்டுபிடிச்சிடுவான்."